உயிருள்ள விலங்குக்குப் பதில் சிமுலேட்டர்: மருத்துவப் பயிற்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் இன்று எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவர் ஒரு தவளையைக்கூட அறுக்காமல் உடலியங்கியலிலும் மருந்தியலிலும் தேர்ச்சி பெற்றுவிடுகிறார். முந்தைய தலைமுறையில் படித்த மருத்துவர்கள் சிலருக்கு இது வியப்பாகவும், வேறு சிலருக்குப் பெருங்குறையாகவும் தோன்றுகிறது. மாணவர்களும் பெற்றோரும் கல்லூரி ஆசிரியர்களும் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பயிற்சி மட்டுமே இங்கே பேசப்படுகிறது. புதிய மருந்துகளையும் நோய்களையும் ஆராய்வதில் விலங்குகளுக்கு உள்ள இடம் தனி விவாதம் என்பதால் அதற்குள் நாம் செல்லவில்லை.

மருத்துவக் கல்லூரிகளில் விலங்குகள் எதற்காகப் பயன்படுத்தப்பட்டன?

இரண்டு வெவ்வேறு நோக்கங்களுக்காக. முதலாவது, ஏற்கெனவே அறியப்பட்ட ஓர் உண்மையை மாணவர் கண்ணால் காணச் செய்வது. தவளையின் தண்டுவடத்தை ஊசியால் சிதைத்து, அதன் காலிலிருந்து நரம்போடு சேர்த்துத் தசையை எடுத்து, கைமோகிராஃப் கருவியின் புகையேற்றிய உருளையில் அத்தசையின் சுருக்கத்தைக் கோடாகப் பதிவு செய்வார்கள். மயக்கமூட்டிய நாய்க்கு அட்ரினலின் செலுத்தி இரத்த அழுத்தம் ஏறுவதைக் காட்டுவதும், கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டைக் கொண்டு ஹிஸ்டமினின் அளவை மதிப்பிடுவதும், முயலின் கண்ணில் மருந்து விட்டுப் பாவை விரிவதைப் பார்ப்பதும் மருந்தியல் ஆய்வகத்தின் வழக்கமான காட்சிகளாக இருந்தன.

இரண்டாவது, கைத்திறனை வளர்ப்பது. மார்புக்குள் குழாய் செருகுதல், கழுத்தில் அவசர மூச்சுவழி திறத்தல், இரத்தநாளங்களைத் தைத்து இணைத்தல் ஆகியவற்றுக்குப் பன்றி, ஆடு, நாய், எலி ஆகியவை பயன்பட்டன. பச்சிளங்குழந்தையின் மூச்சுவழி மிகச் சிறியது என்பதால், அதனுள் குழல் செலுத்தப் பழகுவதற்குப் பூனைகளையும் ஃபெரட் எனப்படும் கீரி போன்ற சிறு விலங்கையும் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்தது.

இவ்விரண்டு நோக்கங்களையும் பிரித்துப் பார்க்காமல் நடத்தப்படும் விவாதம் பெரும்பாலும் குழப்பத்தில்தான் முடிகிறது. முதல் வகைக்குக் கணினி போதும். இரண்டாவது வகைக்குக் கை தொட்டு உணரத்தக்க ஒரு பொருள் வேண்டும்.

இந்தியச் சட்டம் இது பற்றி என்ன கூறுகிறது?

பலர் நினைப்பதைவிட வெகு தெளிவாகவும், வெகு முன்னதாகவும் கூறியிருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்புச் சட்டம், விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்த ஒரு குழுவை அமைக்க வழி செய்து, அக்குழு வகுக்கும் விதிகள் எவற்றை உறுதி செய்ய வேண்டும் என்பதைப் பதினேழாம் பிரிவில் பட்டியலிடுகிறது. மருத்துவப் பள்ளிகள், மருத்துவமனைகள், கல்லூரிகள் போன்ற இடங்களில் புத்தகங்கள், மாதிரிகள், திரைப்படங்கள் முதலிய கற்பித்தல் சாதனங்கள் அதே அளவுக்குப் பயன்தருமானால் விலங்குச் சோதனைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வெறும் கைத்திறன் பெறுவதற்காக மட்டும் சோதனைகள் செய்யப்படக் கூடாது என்பது இன்னொன்று. சிமுலேட்டர் (உடலையோ அதன் இயக்கத்தையோ போலச் செய்து காட்டும் பயிற்சிக் கருவி) என்ற சொல்லே மருத்துவ உலகில் பரவலாக அறிமுகமாகியிராத காலத்தில் எழுதப்பட்ட வரிகள் இவை.

இரண்டாவது வரிக்கு ஒரு முன்னோடி உண்டு. பிரிட்டனில் 1876இல் இயற்றப்பட்ட விலங்குக் கொடுமைச் சட்டம், கைத்திறன் பெறும் நோக்கத்துக்காக உயிருள்ள விலங்கின் மீது சோதனை செய்வதை அப்போதே தடை செய்தது. அதன் பிறகு பல தலைமுறை பிரிட்டிஷ் அறுவை மருத்துவர்கள் உயிருள்ள விலங்கின் மீது பழகாமலே தேர்ந்தார்கள். நுண் அறுவைப் பயிற்சிக்காக மயக்கமூட்டிய எலிகளைப் பயன்படுத்தலாம் என்ற விதிவிலக்கு 1986ஆம் ஆண்டின் புதிய சட்டத்தோடுதான் வந்தது. விலங்கில் பழகாத மருத்துவர் அரைகுறை மருத்துவர் என்று வாதிடுவோர் இந்த நூற்றுப்பத்து ஆண்டுக் கால அனுபவத்துக்கு விடை சொல்லியாக வேண்டும் என்பது என் கருத்து.

இந்தியச் சட்டத்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே, அரசு பின்னர் நிறைவேற்றிய 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தூண்டுகோலாக அமைந்தது. கலாக்ஷேத்ராவை நிறுவியவர் என்றே பெரிதும் நினைவுகூரப்படும் அவர், இச்சட்டத்தின்கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராகவும் இருந்தார். அந்த வாரியத்தின் தலைமையகமும் பல்லாண்டுகள் சென்னையிலேயே இயங்கியது.

சட்டம் அவ்வளவு முன்பே வந்திருந்தும் மாற்றம் ஏன் தாமதமாயிற்று?

சட்டத்தின் இவ்விரு வரிகளோடும் “இயன்ற வரை” என்ற பொருள்படும் தொடர் சேர்ந்தே நின்றது. எது இயலும், எது இயலாது என்பதை முடிவு செய்யும் பொறுப்பு நடைமுறையில் கல்லூரித் துறைகளிடமே இருந்தது. சோதனைகளை மேற்பார்வையிடும் குழு 1964இல் அமைக்கப்பட்டபோதிலும், விலங்குகளை வளர்ப்பதற்கும் அவற்றின் மீது சோதனை நடத்துவதற்கும் முறையான பதிவையும், நிறுவன அளவிலான விலங்கு நெறிமுறைக் குழுவையும் கட்டாயமாக்கிய விதிகள் 1998இல்தான் நடைமுறைக்கு வந்தன.

பாடத்திட்டம் மற்றொரு காரணம். செய்முறைத் தேர்வில் தவளைத் தசைச் சோதனை கேட்கப்படும் வரை எந்த ஆசிரியரும் அதைக் கைவிடத் துணிய மாட்டார். தேர்வு மாறாமல் வகுப்பறை மாறாது என்பது நம் கல்வி முறையை அறிந்த எவருக்கும் தெரிந்ததே. அறிவியல் கல்லூரிகளின் விலங்கியல் பாடத்தில்கூட, பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் படிப்படியான குறைப்புக்கு வழிகாட்டி, 2014இல் மாணவர்கள் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்ன பிறகுதான் அறுவைத் தட்டுகள் ஒதுங்கின.

தவளைக்கும் நாய்க்கும் பதிலாக இப்போது என்ன இருக்கிறது?

2019இல் நடைமுறைக்கு வந்த திறன் சார்ந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் இதற்கு வெளிப்படையான விடை தருகிறது. உடலியங்கியலில் தவளையின் நரம்பு, தசை, இதயம் தொடர்பான சோதனைகளைக் கணினி வழிக் கற்றலின் மூலம் மாணவர் கண்டறிய வேண்டும் என்றும், மருந்தியலில் இரத்த அழுத்தத்தின் மீது மருந்துகளின் விளைவைக் கணினி வழியே விளக்கிக் காட்ட வேண்டும் என்றும், பல்வேறு வழிகளில் மருந்து செலுத்துவதைப் பயிற்சிப் பொம்மைகளில் செய்துகாட்ட வேண்டும் என்றும் அது வரையறுக்கிறது.

இதற்கான மென்பொருள்களுள் முன்னோடியான ஒன்று நம் அருகிலேயே பிறந்தது. புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் பேராசிரியர் ஆர். ரவீந்திரன் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் என்னும் மென்பொருள், நாயின் இரத்த அழுத்தம், தவளையின் இதயம், முயலின் கண், கினிப்பன்றியின் சிறுகுடல் ஆகிய வழக்கமான சோதனைகளைத் திரையில் நிகழ்த்திக் காட்டுகிறது. பெயர் சொல்லப்படாத ஒரு மருந்தைச் செலுத்தி, அதன் விளைவை வைத்து அது எந்த மருந்து என்று மாணவர் கண்டுபிடிக்கும் தேர்வு முறையும் அதில் உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009இல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையமும் விலங்குகளுக்கான மாற்று வழிகளை உயிரியல் ஆசிரியர்களிடம் கொண்டுசேர்க்கும் பணியைச் செய்தது.

திரையில் பார்ப்பது உண்மையான சோதனைக்கு ஈடாகுமா?

முற்றிலும் ஈடாகாது என்பதை மறைக்கத் தேவையில்லை. உயிருள்ள திசு ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தருவதில்லை; ஒரு தவளை பருவத்துக்கேற்பவும் உடல்நிலைக்கேற்பவும் மாறுபட்டு இயங்கும். மென்பொருளோ எழுதியவர் கொடுத்த விடையை மட்டுமே திருப்பித் தரும். எதிர்பாராத முடிவை எதிர்கொண்டு அதற்கு விளக்கம் தேடும் பழக்கம் இதனால் குறையும் என்ற மூத்த ஆசிரியர்களின் கவலை நியாயமானதே.

ஆனால் அன்றைய ஆய்வகம் உண்மையில் எப்படி இயங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நாயைச் சுற்றி ஒரு வகுப்பே நின்றது. பின்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தது முன்வரிசையில் இருந்தவர்களின் முதுகையே. பாதி வகுப்பு நேரம் தசையைப் பிரித்தெடுப்பதிலேயே கழிந்து, பலருக்குக் கோடு பதியாமலே மணி அடித்துவிடும். இறுதியில் பக்கத்து மேசைக்காரரின் வரைபடம் எல்லோருடைய பதிவேட்டிலும் ஏறிவிடும். கணினியிலோ ஒவ்வொரு மாணவரும் மருந்தின் அளவைத் தாமே மாற்றிப் பார்த்து, தவறினால் மீண்டும் தொடங்கலாம்.

உயிரியல் வேறுபாட்டை உணர்த்த மாணவர்களின் சொந்த உடலே போதும். உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளத்தல், நுரையீரலின் கொள்ளளவைப் பதிவு செய்தல், இ.சி.ஜி. எடுத்தல் ஆகியவற்றை ஐம்பது பேர் செய்தால் ஐம்பது வகை முடிவுகள் வரும். மருத்துவராகப் போகிறவருக்குத் தவளையின் கெண்டைத் தசையைவிட இது நெருக்கமான பாடமாகவும் அமையும்.

கைத்திறனுக்கான சிமுலேட்டர்கள் எத்தகையவை?

அவற்றின் வகைகள் பல. ஊசி போடவும் சிறுநீர்க்குழாய் செருகவும் பழகுவதற்கான கை, இடுப்பு போன்ற தனி உறுப்பு மாதிரிகள் எளிமையானவை. முழு உடல் பயிற்சிப் பொம்மைகள் சில, மூச்சு விடும், நாடி துடிக்கும், கண்பாவை ஒளிக்குச் சுருங்கும், மறைவிலிருந்து ஆசிரியர் கணினியில் மாற்றும்போது அவற்றின் இரத்த அழுத்தம் திடீரெனச் சரியும். திரையில் தோன்றும் உறுப்புகளை, தொடுவுணர்வைத் திருப்பித் தரும் கைப்பிடிகளால் அறுத்துப் பழகும் மெய்நிகர் கருவிகள் மூன்றாவது வகை. நோயாளியாக நடிப்பதற்குப் பயிற்றுவிக்கப்பட்ட மனிதர்களையும் இந்த வரிசையிலேயே சேர்க்க வேண்டும்.

இந்த எண்ணம் புதியதென்று கருத வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் அன்ஜெலிக் து குத்ரே என்ற மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் பஞ்சாலும் செய்த இடுப்பு மாதிரியையும் குழந்தைப் பொம்மையையும் கொண்டு பிரசவம் பார்க்கக் கற்றுத்தந்தார்; 1759இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவருக்கு அளித்த ஆணையின் பேரில் நாடு முழுவதும் பயணம் செய்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களைப் பயிற்றுவித்தார். அந்த மாதிரிகளுள் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. 1960இல் நார்வேயின் ஸ்டாவஞ்சர் நகரில் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் வெளியிட்ட ரெஸசி ஆன், இதய மீட்பு சிகிச்சையைப் பொதுமக்களுக்கும் கற்பிக்க வழி திறந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும் என்ற அளவை எந்த விலங்கும் சொல்லித்தர முடியாது. இன்றைய பயிற்சிப் பொம்மை ஒவ்வோர் அழுத்தத்தையும் அளந்து அப்போதே காட்டிவிடுகிறது.

விலங்கை விட்டு சிமுலேட்டருக்கு மாறிய ஒரு பயிற்சியை எடுத்துக்காட்டாகக் கூற முடியுமா?

விபத்துக் காயங்களுக்கான உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சியாகிய ஏ.டி.எல்.எஸ். சிறந்த எடுத்துக்காட்டு. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வயல்வெளியில் விழுந்து நொறுங்கியது. அவருடைய மனைவி இறந்தார், குழந்தைகள் கடுமையாகக் காயமுற்றனர். அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் போதாமையைக் கண்ட அவர் தம் சகாக்களோடு வகுத்த பயிற்சி 1978இல் தொடங்கியது. அறுவை மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பாகிய அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1980இல் அதை ஏற்று உலகெங்கும் பரப்பியது.

அப்பயிற்சியின் அறுவைப் பகுதி முதலில் மயக்கமூட்டிய விலங்குகளின் மீதே நடந்தது. கழுத்தில் மூச்சுவழி திறத்தல், மார்புக் குழாய் செருகல், இதய உறையிலிருந்து திரவம் எடுத்தல், வயிற்றறைக்குள் இரத்தக் கசிவு உள்ளதா என்று கழுவிப் பார்த்தல் ஆகியவை அதில் அடங்கும். சியாட்டில் நகரின் சிமுலாப் நிறுவனம் உருவாக்கிய ட்ராமாமேன் என்ற உடற்பகுதி மாதிரியை 2001இல் அக்கல்லூரி மாற்றாக அங்கீகரித்தது. அதன் தோல் அடுக்குகள் வெட்டினால் கசியும். விலா எலும்புகளை விரலால் தடவி இடைவெளியைக் கண்டறியலாம். ஒருவர் வெட்டி முடித்ததும் தோலை மாற்றிவிட்டு அடுத்தவர் தொடங்கலாம். விலங்குகளைத் தொடர்ந்து பயன்படுத்திய எகிப்து, ஜோர்டான், மங்கோலியா முதலிய நாடுகளின் பயிற்சி மையங்களுக்கு 2010களில் பீட்டா அமைப்பு இந்தக் கருவிகளை நன்கொடையாக வழங்கியதும் மாற்றத்தை விரைவுபடுத்தியது. நம் ஊரில் அந்த அமைப்பின் பெயர் வேறொரு சர்ச்சையால் நினைவுகூரப்படுவது என்னவோ உண்மைதான். அது இந்தச் செய்தியை மாற்றாது.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் பயிற்சிக்கு உயிருள்ள விலங்குகளைக் கடைசியாகப் பயன்படுத்திவந்த இரண்டும், அதாவது ஜான்ஸ் ஹாப்கின்ஸும் சாட்டனூகாவிலுள்ள டென்னசி பல்கலைக்கழகக் கல்லூரியும், 2016இல் அந்த வழக்கத்தை நிறுத்திக்கொண்டன.

சிமுலேட்டரில் கற்றவர் உண்மையான நோயாளியிடம் தடுமாற மாட்டாரா?

நோயாளியிடம் முதன்முதலாகச் செல்லும் எவரும் ஓரளவு தடுமாறவே செய்வார். சிமுலேட்டர் அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கிறதா என்பதே சரியான கேள்வி. குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. 2002இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ஆய்வில் 16 அறுவைப் பயிற்சி மருத்துவர்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு மட்டும் மெய்நிகர் கருவியில் கூடுதல் பயிற்சி அளிக்கப்பட்டது. பின்னர் உண்மையான நோயாளிகளுக்குப் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்தபோது, அந்தப் பிரிவினர் 29 விழுக்காடு விரைவாக முடித்தனர். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தேவையற்ற திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு மிகுதியாக இருந்தது. ஆய்வு சிறியதுதான் என்றாலும், திரையில் பழகிய கை அறுவை அரங்கில் பயன்படும் என்பதை நோயாளியிடமே சோதித்துக் காட்டியது என்பதால் இன்றும் பேசப்படுகிறது.

அந்த ஆய்வு சிமுலேட்டரை வழக்கமான பயிற்சியோடு ஒப்பிட்டதே தவிர விலங்கோடு ஒப்பிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மார்புக் குழாய், அவசர மூச்சுவழி போன்ற வரையறுக்கப்பட்ட செயல்களில் விலங்கையும் மாதிரியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் இரு பிரிவினரின் திறனிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

விலங்கின் உடல் பிளாஸ்டிக்கைவிட மனித உடலுக்கு நெருக்கமானதல்லவா?

திசுவின் தன்மையில் நெருக்கமானது. அமைப்பில் பல இடங்களில் விலகியது. பன்றியின் மார்புக்கூடு பக்கவாட்டில் ஒடுங்கி ஆழமாக இருக்கிறது. அதன் குரல்வளையும் மனிதக் குரல்வளையும் ஒன்றுபோல் அமையவில்லை. மூச்சுவழி திறக்க வேண்டிய மருத்துவர் விரலால் தடவித் தேடும் அடையாளங்கள் மனிதக் கழுத்துக்கே உரியவை. தவறான அடையாளங்களில் பழகிய கை, நெருக்கடியான கணத்தில் அந்த அடையாளங்களையே தேடும் அபாயம் உண்டு.

இரத்தம் பீறிடும்போது ஏற்படும் பதற்றத்தைப் பொம்மை எப்படிக் கற்றுத்தரும்?

எதிர்த்தரப்பின் வாதங்களுள் வலுவானது இதுவே. ராணுவ மருத்துவர்கள் இதை நெடுங்காலமாக முன்வைக்கிறார்கள். மயக்கமூட்டிய ஆடுகளையும் பன்றிகளையும் காயப்படுத்தி, களமருத்துவர்களைக் காப்பாற்றச் சொல்லும் பயிற்சி அமெரிக்க ராணுவத்தில் பரவலாக நடந்துவந்தது. உயிர் ஒன்று தன் கையில் இருக்கிறது என்ற உணர்வைப் பொம்மை தராது என்பது அவர்கள் வாதம்.

ஆயினும் ராணுவங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. 2012இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, அப்போது நேட்டோவில் இருந்த 28 நாடுகளில் 22 நாடுகள் ராணுவ மருத்துவப் பயிற்சிக்கு விலங்குகளைப் பயன்படுத்தவில்லை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, டென்மார்க், நார்வே, போலந்து ஆகிய ஆறு மட்டுமே பயன்படுத்தின. தன் நாட்டுச் சட்டம் இடம் தராததால் பிரிட்டிஷ் ராணுவம் தன் அறுவை மருத்துவர்களை டென்மார்க்குக்கு அனுப்பி அங்கே பன்றிகளில் பயிற்சி அளித்தது என்பது இந்த வரலாற்றின் முரண்களுள் ஒன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் செலுத்துதல், மகப்பேறு, ஏ.டி.எல்.எஸ். உள்ளிட்ட ஆறு பயிற்சிகளில் விலங்குப் பயன்பாட்டை 2015 ஜனவரியிலிருந்து நிறுத்தியது.

பதற்றத்தை உருவாக்க வேறு வழிகளும் உள்ளன. கலிபோர்னியாவில் உருவான கட் சூட் என்ற உடையை உயிருள்ள மனிதர் அணிந்துகொள்ள, அதன் செயற்கைத் தோலை வெட்டலாம், தைக்கலாம். உள்ளிருந்து செயற்கை இரத்தம் பீறிடும். அணிந்தவர் அலறவும் செய்வார். மயங்கிக் கிடக்கும் ஆடு அலறாது.

நுண் அறுவையிலும் லேப்பராஸ்கோப்பியிலும் விலங்கு இன்னும் தேவைப்படுகிறதா?

முழுமையான மாற்று இன்னும் வந்துசேராத இடம் இதுதான். ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நாளத்தைத் தைத்து முடித்ததும் அதில் இரத்தம் ஓடுகிறதா, உறைகிறதா என்பதை உயிருள்ள எலி காட்டுவது போல் வேறு எதுவும் காட்டுவதில்லை. இருந்தாலும் அங்கே செல்வதற்கு முந்தைய படிகள் எல்லாவற்றையும் விலங்கின்றிக் கடக்கலாம். முதலில் சிலிக்கோன் குழாய், பிறகு கறிக்கடையில் வாங்கும் கோழித் தொடையின் நாளம் என்று பழகியவருக்கு எலி தேவைப்பட்டாலும் மிகச் சில எலிகளே தேவைப்படும். பிரிட்டிஷ் அறிவியலாளர்களான ரஸலும் பர்ச்சும் விலங்குச் சோதனைகளுக்காக 1959இல் வகுத்த மாற்றீடு, குறைப்பு, செம்மையாக்கம் என்ற மூன்று நெறிகளுள் இரண்டாவதற்கு இது பொருத்தமான சான்று.

சிறு துளை வழியே கேமராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும் அறுவையான லேப்பராஸ்கோப்பிக்கு வெறும் பெட்டியும் கேமராவும் கொண்ட பயிற்சிக் கருவியே பெருமளவு போதும். சிறு துண்டுகளை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, வட்டமாக வெட்டுவது, உள்ளேயே முடிச்சிடுவது ஆகியவற்றில் நேரமும் துல்லியமும் அளக்கப்பட்டு மதிப்பெண் தரப்படுகிறது. அமெரிக்காவில் பொது அறுவை மருத்துவர் சான்றிதழ் பெற இத்தேர்வில் தேறியிருக்க வேண்டும். அடுத்த நிலைக்கு, ஆஸ்திரியாவில் உருவான ஒரு முறையில், இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும் உறுப்புத் தொகுதிக்குள் பம்பு மூலம் நிறமிட்ட நீர் துடிப்போடு செலுத்தப்படுகிறது. தவறாக வெட்டினால் அது கசியும்.

தானமாகப் பெறும் சடலங்கள் உதவாதா?

பெரிதும் உதவும். வழக்கமான ஃபார்மலின் முறையில் பதப்படுத்தப்பட்ட உடல் விறைத்துப்போவதால் அறுவைப் பயிற்சிக்கு அது உகந்ததாக இல்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் தீல் வகுத்து 1992இல் வெளியிட்ட முறையில் பதப்படுத்தினால் மூட்டுகள் வளையும், திசுக்கள் மென்மையாகவே இருக்கும். இங்கே தடையாக இருப்பது தொழில்நுட்பத்தைவிட உடல்தானத்தின் குறைவே. கிடைக்கும் உடல்கள் முதலாண்டு உடற்கூறியல் வகுப்புக்கே போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

இவை மிகவும் விலை கூடியவையாயிற்றே?

உயர்தரமான முழு உடல் பயிற்சிப் பொம்மை பல லட்சம் ரூபாய் ஆகும் என்பது உண்மை. மாற்றுத் தோல் போன்ற உதிரிகளுக்குத் தொடர்ந்து செலவு உண்டு. ஆனால் விலங்கு இல்லத்துக்கும் கட்டடம், பணியாளர், தீவனம், கால்நடை மருத்துவர், நெறிமுறைக் குழு அனுமதி ஆகியவை தேவை. அறுவைப் பயிற்சியில் ஒரு விலங்கைப் பெரும்பாலும் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தவும் முடியாது.

மேலும், எல்லாத் திறனுக்கும் விலை கூடிய கருவி வேண்டியதில்லை. தோலடி ஊசிக்கு ஆரஞ்சுப் பழம், தையலுக்கு நுரைப்பஞ்சு, மூச்சுவழி திறப்பதற்கு இறைச்சிக் கடையில் கிடைக்கும் ஆட்டின் மூச்சுக்குழாய், மார்புக் குழாய்க்கு ஆட்டு விலாப் பகுதி, கண்புரை அறுவைக்கு ஆட்டுக் கண் என்று ஆசிரியர்கள் நெடுநாளாகவே சமாளித்து வருகிறார்கள். பயிற்சிக்கென்று அங்கே எந்த உயிரும் கொல்லப்படுவதில்லை. இறைச்சித் தொழிலையே ஏற்காதவர்களுக்கு இதிலும் மறுப்பு இருக்கலாம். அவர்களுக்குச் செயற்கை மாதிரியைத் தருவதில் கல்லூரிக்கு எந்தச் சிரமமும் இல்லை.

கல்லூரியில் சிமுலேட்டர் இருந்தால் போதுமா?

போதாது, இந்தப் பக்கத்தில் வேறெந்த விடையையும்விட இதையே வலியுறுத்த விரும்புகிறேன். தேசிய மருத்துவ ஆணையம் 2020இல் வகுத்த குறைந்தபட்சத் தேவைகள், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மாணவர் எண்ணிக்கைக்கேற்ப 600 அல்லது 800 சதுர மீட்டர் பரப்பில் திறன் ஆய்வகம் அமைக்க வேண்டும் என்றன. பரப்பளவை ஆய்வுக் குழு அளந்துவிடலாம்; பயன்பாட்டை அளப்பது கடினம். ஆய்வு நாளன்று உறை நீக்கப்பட்டு, மறுநாள் மீண்டும் உறையிடப்படும் பொம்மை யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. நீச்சல் குளத்துக்கு வேலி போட்டுவிட்டு ஊரே நீந்தக் கற்றுவிட்டது என்று சொல்வதற்கு ஒப்பாகும் அது.

விலங்கைவிட சிமுலேட்டர் மேலானதாகும் காரணம் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதுதான். ஒரே செயலைப் பத்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் எங்கே பிசகியது என்று ஆசிரியர் சொல்ல, பதினோராவது முறை திருத்திச் செய்யும் வாய்ப்பை விலங்கு தரவில்லை. கருவியை வாங்கிவிட்டு, மாணவருக்கு ஒரே ஒரு முறை தொட்டுப் பார்க்க வாய்ப்புத் தரும் கல்லூரி, அந்த மேன்மையை இழந்துவிட்டு விலங்கு தந்த திசு உணர்வையும் இழந்து நிற்கிறது. அத்தகைய இடத்தில் பழைய ஆசிரியர்களின் முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது.

பயிற்சிக்குப் பிந்தைய கலந்துரையாடலும் இன்றியமையாதது. மாரடைப்புக் காட்சி ஒன்றைப் பதினைந்து நிமிடம் நடித்து முடித்த குழுவினர், அதைவிட நீண்ட நேரம் அமர்ந்து, யார் தலைமை ஏற்றார், எந்த மருந்து தாமதமாயிற்று, செவிலியர் சொன்னது ஏன் காதில் விழவில்லை என்று பேச வேண்டும். இதை நடத்துவதற்கு ஆசிரியருக்கே தனிப் பயிற்சி தேவை. கருவிக்கு ஒதுக்கப்படும் நிதியில் ஒரு பகுதியாவது அதற்குச் செல்லுமானால் பலன் பன்மடங்காகும்.

விலங்குப் பயிற்சியில் பங்கேற்க மாணவர் மறுக்கலாமா?

எம்.பி.பி.எஸ். படிப்பில் இக்கேள்வி ஏறக்குறைய எழுவதே இல்லை. பாடத்திட்டமே கணினியையும் பொம்மையையும் குறிப்பிடுகிறது. முதுநிலை மருந்தியலிலும் ஆராய்ச்சியிலும் விலங்குச் சோதனைகள் தொடர்கின்றன. அவை ஒவ்வொன்றும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். மாற்று வழி இருக்கிறதா என்று கேட்பதே அக்குழுவின் முதன்மைப் பணிகளுள் ஒன்று என்பதால், ஆட்சேபம் உள்ள மாணவர் துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் அந்தக் கேள்வியையே முன்வைக்கலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெற்றோரும் மாணவரும் எதைக் கேட்டறிய வேண்டும்?

எத்தனை பொம்மைகள் உள்ளன என்று கேட்க வேண்டாம். திறன் ஆய்வகம் வகுப்பு நேரத்துக்கு வெளியே திறந்திருக்கிறதா, அதற்கெனத் தனி ஆசிரியரோ பயிற்சியாளரோ இருக்கிறாரா, ஒரு குழுவில் எத்தனை பேர், மாரை அழுத்தும் பொம்மையின் அளவீட்டுத் திரை வேலை செய்கிறதா என்று இப்போது அங்கே படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். இயன்றால் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவரின் திறன் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பாடத்திட்டம் சில திறன்களை எத்தனை முறை செய்து காட்டிச் சான்று பெற வேண்டும் என்று எண்ணிக்கையோடு குறிப்பிடுகிறது. அந்தப் பதிவேட்டில் தேதிகள் பல மாதங்களில் பரவியிருக்கின்றனவா, அல்லது எல்லாக் கையொப்பங்களும் தேர்வுக்கு முந்தைய ஒரே வாரத்தில் இடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தாலே அங்கே பயிற்சி எப்படி நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.